பாதி ஷட்டர்

என் கணவர் சலூன் வைத்திருக்கிறார். அங்கே கத்தரிக்கோலைவிட அவர் வாய்க்குத்தான் வேலை அதிகம். சவரத்துக்கு வந்தவர்கள் முகம் நிறைய நுரையோடு, ஓடவும் முடியாமல் பதில் சொல்லவும் முடியாமல் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். அதிலும் அந்த சர்க்கஸ்காரர் மீசைக் கதை இருக்கிறதே! அவர் ஆரம்பித்தாலே நான், "போதும், கேட்டாச்சு" என்று பாதியில் வெட்டிவிடுவேன்.

இன்னொரு கெட்ட பழக்கம், காலையில் ஷட்டரை முழுசாகத் தூக்க மாட்டார். பாதி தூக்கிவிட்டு, குனிந்து குனிந்து போய் வருவார். முழுசாகத் தூக்கினால் ஆட்கள் வந்துவிடுவார்களாம், நிம்மதியாக டீ குடிக்க முடியாதாம். ஒருநாள் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே வெளியே வந்தவர், பேச்சு சுவாரசியத்தில் ஷட்டரைத் தாண்டுவதற்கு முன்னாலேயே நிமிர்ந்துவிட்டார். ணங்கென்று சத்தம். உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. ஐஸ் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் அவர் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது. தூக்கமும் இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல."

இதைத் தெருவே கொண்டாடியது. "இப்பதாங்க நிம்மதியா முடி வெட்டிக்க முடியுது" என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் என்னிடமே சொன்னார். கடையில் கூட்டம் கூடியது. மாமியாரோ, "என் பிள்ளைக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்கு. நீ கண்ணு வெக்காதே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓயாத வாய் ஓய்ந்துபோனால் அதற்குப் பெயர் பொறுப்பா?

ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், வாடிக்கையாளர் நாற்காலியில் அவர் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"தெரியல. பேசவே தோணல. காரணமே இல்லாம அழுகை வருது. என்னையே எனக்குப் பிடிக்கல. இனிமே நான் இப்படித்தான் போல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஷட்டரில் தலை இடித்ததையும் சொன்னேன். டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"ரத்தக்கசிவு இல்ல. ஆனா அடிபட்டப்ப மூளை உள்ளுக்குள்ள குலுங்கியிருக்கு. நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோற ரசாயனங்களோட அளவு அதுல மாறலாம். மனசு சோர்ந்து போறதும், தூக்கம் போறதும் அதனால வரலாம். இது இவரோட குணமும் இல்ல, குத்தமும் இல்ல. அடிபட்ட அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

"பழையபடி பேசுவாரா?"

"பெரும்பாலும் சரியாயிடும். முன்னாடி எவ்வளவு பேசுவாரு?"

"நீங்க இப்ப பேசினதவிட ஜாஸ்தி."

மாத்திரை, ஓய்வு, வாராவாரம் மனநல ஆலோசகர். பேசுவதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தும், முதல் சில வாரம் என் கணவர் வாயே திறக்கவில்லை. நான் பயந்துகொண்டே இருந்தேன். ஷட்டரை மட்டும் தினமும் நானே போய் முழுசாகத் தூக்கினேன்.

மாதங்கள் போயின. ஒரு காலை, ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த சர்க்கஸ்காரர் மீசை இருக்கே..."

பக்கத்துக் கடை வாசலில் நின்ற தையல்காரர் மெல்ல நழுவினார். 'போதும்' என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கதையின் முடிவை அன்றுதான் கேட்டேன். மகா மட்டமான முடிவு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.