பட்டினிக் குரங்குக்கு ஒன்றேகால் இட்லி

1

இந்தக் கதை என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. 2009, ஆடி மாத மதியம். வரதர் கோயில் குளத்து மண்டபத்தில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேன். கனவில் ஒரு கிழக்குரங்கு படியேறி வந்து, "சாப்பாடு ஆயிற்றா?" என்று விசாரித்தது. விழித்தபோது அச்சுமை கன்னத்தில் இருந்தது. தாளில் அதே குரங்கின் படம். அமெரிக்காவில் இருபது வருடமாகச் சில குரங்குகளுக்குத் தீனியை நூற்றுக்கு முப்பது குறைத்தார்களாம். மூப்பு மெதுவாக வந்ததாம். சர்க்கரை வியாதி அவற்றை அண்டவே இல்லையாம்.

2

'காஞ்சி மாநகரின் கோபுரங்கள் இளங்கதிரில்—'

[அடித்துவிட்டேன். கோபுரத்துக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.]

இந்திராணிக்கு உண்டு. பக்கத்துத் தெரு நெசவாளர் கலியாணசுந்தரத்தின் மனைவி. கண் மங்கிக்கொண்டே வந்தது. சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்றார் டாக்டர். இந்திராணிக்குக் காலையில் நான்கு இட்லி. மூன்றரை என்றால் கோபம் வரும். செய்தியைப் படித்துக் காட்டினேன்.

"அமெரிக்காக் குரங்கு கம்மியா துன்னா எனக்கு இன்னா சாமி? நம்மூர்க் குரங்கு பொழைக்குதான்னு காட்டுங்க, அப்பால பார்க்கலாம்."

"காட்டறேன்மா" என்றார் கலியாணசுந்தரம்.

3

அவர் வீட்டு மதிலுக்குத் தினமும் இரண்டு குரங்குகள் வரும். ஒன்றுக்கு முழு இட்லி. மற்றதற்கு முப்பது சதவீதம் குறைத்து, ஜரிகை நிறுக்கும் தராசில் நிறுத்து வைத்தார். (ஒருநாள் குரங்கே தட்டில் ஏறி எடை பார்த்துக்கொண்டது. நம்பாதவர்கள் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கலாம்.) இரண்டும் ஒரே ஜாடை. அடையாளம் வேண்டுமே? பட்டுக்குப் போடும் அரக்குச் சாயத்தை விரலில் தொட்டு, குறைத்துத் தின்கிற குரங்கின் நெற்றியில் நெடுக்காக ஒரு கோடு இழுத்தார்.

4

(இந்திராணிக்கு என் கதைகளைக் கலியாணசுந்தரம்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவார். இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவதாக என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அந்த அம்மாள் கேட்பார் என்று அடுத்த பகுதிக்கும் நான்கு என்றே போட்டிருக்கிறேன்.)

நெற்றியில் சிவப்புக் கோட்டோடு குரங்கு நடந்தால் காஞ்சிபுரம் சும்மா விடுமா? சனிக்கிழமை அதன் கழுத்தில் வடைமாலை. நாமம் வடகலையா தென்கலையா என்று எங்கள் தெருவில் இரண்டு நாள் சண்டை. குரங்கு இரு கட்சியிடமும் வடை வாங்கிக்கொண்டது. ஒரே மாதத்தில் பூசணிக்காய் ஆகிவிட்டது.

"மானம் போவுது சாமி. அவகிட்ட இன்னான்னு சொல்றது?"

"கண்தான் மங்கலாச்சே ஓய். இளைச்சிருக்குன்னு சொல்லும்."

சொன்னார். "எலும்பும் தோலுமா குந்திக்கினு இருக்குதுமா. ஆனா ஜோரா குதிக்குது."

"அடப்பாவிங்களா! வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுக்கினு ஆராய்ச்சியா?"

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு திட்டியவர், 'நிறுத்துங்கள்' என்று ஏன் சொல்லவில்லை?

கலியாணசுந்தரம் தறிக்குழியில் காலை விட்டு, தறிச் சத்தம் கிளம்பியதும், இந்திராணி தன் தட்டிலிருந்து ஒன்றேகால் இட்லியை எடுத்து, சுவரைத் தடவித் தடவிப் போய் மதிலில் வைக்கிறார். மதியம் சோற்றில் ஒரு பங்கு. நான்கில் ஒன்றேகால் என்றால் நூற்றுக்கு முப்பதும் கொஞ்சம் கொசுறும்.

கலியாணசுந்தரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். தறிச் சத்தம் நின்றால் இந்திராணியின் கை பின்வாங்கிவிடும். ஆகவே இவர் நூல் ஓடத்தை எறியாமல், நெய்த இடத்திலேயே தறிப் பலகையை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சேலையில் ஒரு சாண் மட்டும் பாறை மாதிரி இருக்கிறதாம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னார்: சர்க்கரை இறங்கியிருக்கிறது, கண் அதற்குமேல் மங்கவில்லை. இந்திராணி மாத்திரையைப் புகழ்ந்தார்.

முடிவு ஒன்று: கலியாணசுந்தரம் அவர் கையைப் பிடித்து, 'இந்திரா, அந்தக் குரங்கு—'

[முடியாது. உண்மை தெரிந்தால் மறுநாளே நான்கு இட்லி.]

முடிவு இரண்டு: தினமும் ஒரு பொய். எத்தனை நாளைக்கு?

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்த மதில் பக்கம் வந்தால் இந்திராணி கேட்பார், "குரங்கு எப்படிமா இருக்குது?" என்று. எதிரில் அது தொந்தியைச் சொறிந்துகொண்டிருக்கும். பதில் உங்களுடையது.

4

(இனிச் சத்தமாகப் படிக்கலாம்.)

மதில்மேல் வெயில் சாய்கிறது. செங்கோட்டுக் குரங்கு உங்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்திராணி அம்மா.

இன்னும் இளைத்துத்தான் இருக்கிறது. பாவம்.