முப்பத்தைந்து கோன் தூரம்

1986இல் சிங்கப்பூரிலிருந்து ஜெயபாய்க்கு ஒரு விமான டிக்கெட் வந்தது. அவள் புருஷன் பால்சாமி அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். போய் மூன்று வருடம், இன்னும் ஊருக்கு வரவில்லை. ஊருக்குப் போய்வரக் கடை முதலாளி கொடுக்க வந்த டிக்கெட்டை, பால்சாமிதான் "என் வீட்டுக்காரி வந்து ஒரு மாதம் இருக்கட்டும்" என்று சொல்லி அவள் பேருக்கு எடுக்கவைத்திருந்தார்.

அவர் போனது கப்பலில். ஏழு நாள் கரையே தெரியவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து சிங்கப்பூர் என்றால் ஜெயபாய்க்கு ஏழு நாள் தண்ணீர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் மில்லுக்குப் போவாள். நூலைக் கூம்பு அட்டையில் கோனாகச் சுற்றும் வேலை. டிக்கெட் வந்த சேதி கேட்டு சூப்பர்வைசர் சங்கரலிங்கம் அட்டைப்பெட்டியில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"மெட்ராசுல இருந்து ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரம் கிலோமீட்டரும்மா. நாப்பதாம் நம்பர் நூலு ஒரு கோனுல எண்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும். முப்பத்தஞ்சு கோனை அவுத்துவிட்டா சிங்கப்பூரு வந்துரும்."

பக்கத்து மிஷின் சண்முகத்தாய் வாயில் கைவைத்தாள். "ஏட்டி, அம்புட்டு நூலை நாம ஒரு ஷிப்டுல சுத்திருதோமே!"

ஜெயபாய் நம்பவில்லை. கணக்கு எங்கேயோ தப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணன் ரத்தினத்தோடு பஸ் ஏறினாள். மெட்ராஸ் போய்ச் சேரப் பதிமூன்று மணி நேரம். இடுப்பு கழன்றுவிட்டது. விமான நிலைய வாசலோடு அண்ணன் நின்றுகொண்டார்.

பதினொரு மணிக்கு விமானம் எழும்பியது. ஜன்னலுக்குக் கீழே மேகம், மேகத்துக்குக் கீழே கடல். ஒரு கப்பல் அரிசிமணிபோலக் கிடந்தது. அது நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அப்படி ஒன்றில்தானே அவர் ஏழு நாள் கிடந்தார் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிட்டாள், செத்த நேரம் கண்ணயர்ந்தாள். விமானம் தரையில் நின்றது. எல்லாரும் எழுந்தார்கள், அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"இறங்கலையாம்மா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"இது எந்த ஊருய்யா?"

"சிங்கப்பூர்."

"அதுக்குள்ளயா?"

வெளியே பால்சாமி காத்திருந்தார். தலையில் நரை தட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் கேட்டாள்:

"மெட்ராசுக்குப் பதிமூணு மணி நேரம் வந்தேன். இங்க வர நாலே மணி நேரம். இம்புட்டுக் கிட்டத்துலயா மூணு வருசமா இருந்தீக?"

அவர் தலைகுனிந்தார். "எனக்கும் தெரியாதுட்டி. நான் கப்பல்ல வந்தவன். எல்லாரும் நாலு மணி நேரம்னுதான் சொல்லுவாங்க. எனக்குத்தான் மனசுல ஏறலை. நீ வந்து நிக்கயில, இப்பத்தான் நம்புதேன்."

இருவரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை. விமான நிலையக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து, ஏறுகிற இறங்குகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த கிறிஸ்மசுக்கு நான் வாரேன்" என்றார் பால்சாமி.

சொன்னபடி வந்தார். அதற்குப் பின் ஒரு வருடம்கூடத் தவறவில்லை.