ஏழாம் பாத்தி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தப்பைச் சரிசெய்வதற்காக எழுதப்படுகிறது. தப்பு என்னுடையது. மூன்று பக்கத்தில், ஒரு சிற்றிதழில், என் புகைப்படத்தோடு வந்தது.

மரக்காணம் உப்பளத்தில் பெண்கள் உப்பு வாரும்போது ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். ஒன்றாம் பாத்தி, இரண்டாம் பாத்தி என்று வரிசையாகப் போகும். ஆறுக்குப் பிறகு ஏழு வராது. நேராக எட்டுக்குத் தாவிவிடும். போன வருடம் இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏழு கன்னிமாருக்காக ஏழாவது பாத்தியை வாராமல் விட்ட தொல்வழக்கத்தின் மிச்சம் என்று எழுதினேன். 'இயற்றியவர் பெயர் தெரியாத பழம்பாடல்' என்றும் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டுரை வந்திருக்காது.*

* இரண்டாம் பாத்தியில் ரேஷன் கடை மிஷின் வருகிறதே, அது எப்படிப் பழம்பாடல் என்று நீங்கள் கேட்கலாம். 'பிற்கால இடைச்செருகல்' என்று போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

2

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

'கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே வெள்ளைப் புடவை விரித்தாற்போல உப்பு…'

வேண்டாம். உப்பளத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியில் புடவை விரிக்கிறார்கள்.

'சகாயசெல்விக்கு முப்பத்தெட்டு வயது. அவள் கண்களில் ஆழ்ந்த ஒரு சோகம்…'

சோகமெல்லாம் இல்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் கண்களில் இருந்தது கோபம். கையில் என் கட்டுரையின் ஜெராக்ஸ் இருந்தது.

"இத எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"இது நான் கட்டின பாட்டு சார். மூணு வருசம்தான் ஆவுது."

நான் சிரித்தேன். (முதல் பிரதியில் இந்தச் சிரிப்பை மறைத்திருந்தேன்.)

"அப்போ ஏழாவது பாத்தி ஏன் இல்ல? கன்னிமாருக்குத்தானே?"

"நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவ சார். எனக்கு ஏது கன்னிமாரு?"

3

அவள் வந்த காரணம் இதுதான். மே மாதம் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கோடைக் கச்சேரி. சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். கூனிமேட்டு மீன்வண்டிக்காரர் ஒருவர், ஆரோவில் பேக்கரியில் வேலை செய்யும் அருண்ராஜ், இப்படி ஒன்பது பேர். நோட்டீசில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 'பாட்டும் குரலும்' என்று அச்சடித்திருந்தது. சகாயசெல்வியும் பெயர் கொடுத்திருந்தாள். கச்சேரியை நடத்தும் மைக்செட் கடை வெற்றிச்செல்வன் அவள் பெயரை அடித்துவிட்டார். என் கட்டுரையைப் படித்ததுதான் காரணம்.

"இது பழைய பாட்டுக்கா, புக்குலயே வந்துடுச்சி. 'பாட்டும் குரலும்'னு போட்டா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. ஆரம்பத்துல கடவுள் வாழ்த்து மாதிரி நீங்க பாடிடுங்க."

"நான் பெத்த புள்ளைக்கு நானே ஆயாம்மா வேல பாக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது பொன்னாடையோ பரிசோ இல்லை. இது நான் கட்டிய பாட்டு என்று ஊர் கேட்க மைக்கில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

4

ஏழாம் பாத்தி இருந்தது. அதை அவள் முனகலாகத்தான் சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே பாத்திக்கு இரண்டு வரியாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஏழாவது பாத்தியை வாரப்போகும்போது மேஸ்திரி இருசப்பனின் நாய் இறங்கி நன்றாகப் புரண்டுவிட்டது. சேறு கிளம்பி உப்பெல்லாம் கறுத்தது. மேஸ்திரி நாயைத் திட்டவில்லை. "உன்ன எவ சோத்துத் தூக்குவாளிய பாத்திகிட்ட வெக்கச் சொன்னது?" என்று இவளைத் திட்டினார். அந்த வயிற்றெரிச்சலில் ஏழாவதுக்கும் இரண்டு வரி பிறந்தது. வாய்விட்டுப் பாடினால் வேலை போய்விடும். விழுங்கிவிட்டு எட்டுக்குப் போனாள். மறுநாளிலிருந்து பக்கத்தில் வாரியவர்கள் ஆறு, எட்டு என்றே பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து அடுத்த அளத்துக்குப் போயிற்று. அன்றைக்குக் கூட வாரிய ஒரே ஆள் ஆராயி. அவளும் இப்போது திருப்பூரில். இது செல்வி கட்டியது என்று சொல்ல ஆளில்லை.

என் ஏழு கன்னிமாரும் கடைசியில் ஒரு நாய்.

"நீங்கதானே சார் அன்னைக்கி சிறப்பு விருந்தினரு. நீங்களே மேடையில சொல்லிடுங்க."

"பாக்கலாம்மா" என்றேன். நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

5

'சிறப்பு விருந்தினர் கம்பீரமாக எழுந்தார். "நண்பர்களே, தவறு என்னுடையது" என்றார். மைதானம் கைதட்டலில்…'

பச்சைப் பொய். நான் எழுந்திருக்கவில்லை. மூன்று பக்கக் கட்டுரையும் பொன்னாடையும் மடியில் கிடக்க, ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்து, நம்ம முன்னோர்கள் பாடின பாட்டு" என்றார் வெற்றிச்செல்வன். சகாயசெல்வி மேடையேறினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் குனிந்து ஸ்ட்ராவைத் தேடினேன். அவள் பாட ஆரம்பித்தாள்.

ரெண்டாம் பாத்தி வாரி வாரி ரேகை தேஞ்சி போச்சி
ரேஷன் கடை மிஷினுக்கு நான் யாரோன்னு ஆச்சி…

மைதானமே கூடப் பாடியது. ஆறாம் பாத்தி முடிந்தது. எல்லோரும் பழக்கதோஷத்தில் எட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை. கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினாள். முன்வரிசையில் மேஸ்திரி இருசப்பன் மனைவி ஞானாம்பாளோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே ஏழாவதைப் பாடினாள்.

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். (அ) மேஸ்திரி எழுந்து போய்விடுகிறார். (ஆ) வெற்றிச்செல்வன் மைக்கை அணைத்துவிடுகிறார். (இ) நான் திருந்துகிறேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன். நடந்ததைப் பார்த்தால் கற்பனைக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பாட்டில் நாய் மேஸ்திரி ஆகி மேற்பார்வை பார்க்கிறது, மேஸ்திரி வாலாட்டுகிறார். இருசப்பன் துள்ளி எழுந்தார்.

"ஏய், நிறுத்து! அது எங்க மணியத்தானே சொல்ற? ஏம்பா வெற்றி, பாத்தியா இவ வேலய? என்னைக்கோ பாத்தியில நாய் பொரண்டதுக்குத் திட்டினேன்னு, அன்னைக்கே பாட்டு கட்டி வெச்சிருக்கா! இவதான் கட்டியிருக்கா! அங்க நானும் அவளும் ஆராயியும்தான் இருந்தோம். வேற எவளுக்குத் தெரியும்?"

வெற்றிச்செல்வன் முகம் மலர்ந்து மைக்கை மேஸ்திரி பக்கம் நீட்டினார்.

"மேஸ்திரி, இன்னொரு தபா சொல்லுங்க. யாரு கட்டினது?"

"இவதான்யா! செல்விதான்! எங்க வேணா வந்து சொல்றேன்!"

மைதானம் அதிர்ந்தது. விசில், தட்டிய நாற்காலிகள், கூனிமேட்டு மீன்வண்டிக்காரர் அடித்த ஹாரன். ஞானாம்பாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு மேலே வெற்றிச்செல்வன் கத்தினார்: "பாட்டும் குரலும், சகாயசெல்வி!"

அவள் அழுதாள். நானும்தான். எழுத்தாளன் சொல்ல வேண்டியதை மேஸ்திரி சொல்லிவிட்டார் என்ற வெட்கமும் அதில் இருந்தது. ஆனாலும் பெரும்பங்கு சந்தோஷம்தான்.

8

கூட்டம் விடவில்லை. முழுப்பாட்டையும் முதலிலிருந்து பாடச் சொன்னது. ஏழாம் பாத்தி வந்தபோது இருசப்பன் மறுபடி எழுந்தார். எல்லோரும் பயந்தோம்.

"நாய் நாய்னு பாடினா எப்பிடி? அதுக்குப் பேரு இல்லயா? மணின்னு சொல்லிப் பாடு!"

அப்படியே பாடினாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். மேஸ்திரி அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லையாம். மணியை மட்டும் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டிருந்தாராம்.

7

விட்டுப்போன எண் இது. அந்த இரண்டு வரியும் இங்கே வர வேண்டும். எழுதிக்கொள்ளட்டுமா என்று இந்த முறை கேட்டேன்.

"வேணாம் சார். நீங்க எழுதினா மறுபடியும் பழைய பாட்டு ஆயிடும்" என்றாள்.

அதனால் இந்த இடம் காலி. மரக்காணம் வழியாக உப்பு வாரும் காலத்தில் போனால் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கேளுங்கள். எட்டுப் பாத்தியும் வரிசையாக வரும். பாடி முடித்ததும் யார் கட்டினது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் விட்டது அதைத்தான். வரிகளை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளலாம். கீழே இருக்கும் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

[                    ]

பாட்டும் குரலும்: சகாயசெல்வி