கெட்டி

அந்தக் குளிரூட்டு நிலையத்தில் வாய் தவறிக்கூட யாரும் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு: 'கெட்டி'. கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து அழுத்திக் குளிரவைத்தால் பனித்தூள் மிதக்கும் கூழ் ஒன்று கிடைக்கும். அதைக் குழாயில் அனுப்பித்தான் வட்டாரம் முழுவதையும் குளிர்விக்கிறார்கள். ஓட்டம் குறைந்தால் கூழ் அடியில் தங்கி இறுகிவிடும். அப்புறம் குழாய் அடைப்புதான். அந்தச் சனியன் பிடித்த வார்த்தையைச் சொல்பவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும் என்று சட்டம் போட்டதே மேனேஜர்தான். அவரும் ஒருகாலத்தில் பம்பு ஓட்டியவர்.

அன்று மத்தியானம் பம்புக்காரி அதைச் சொன்னாள்.

"சார், ஆஸ்பத்திரி லைன்ல கூழ் கெட்டியாகுது. மாநாட்டு மண்டபத்து வால்வை முழுசாத் திறந்துவச்சா எல்லா ஓட்டமும் அங்கதானே போகும்? கொஞ்சம் மூடுங்க."

"எனக்குத் தெரியாதா? நம்ம குளிரைப் பாக்கத்தான் பெரிய மனுஷங்க வந்திருக்காங்க. கோட்டு போட்டுட்டு உக்காரணும் அவங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்கும், போ."

"ஆஸ்பத்திரியில எங்க அண்ணன் கிடக்கறார் சார்!"

அண்ணன் வெல்டர். முந்தாநாள் அதே மண்டபத்தின் கூரைமேல் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தவர். மேலே மனுஷன் வேகிறான், கீழே கோட்டு கேட்கிறதாம்! எந்த ஊர் நியாயம் இது?

"கெட்டின்னு சொல்லிட்ட, டீ உன்னோடது" என்று சிரித்துவிட்டு மேனேஜர் மண்டபத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி போன் செய்தாள். "இங்க அனல்காத்துதான்மா வருது. அவருக்கு மறுபடியும் உடம்பு கொதிக்குது, என்னென்னமோ உளர்றாரு. நீ அங்கதானே இருக்க? ஏதாவது பண்ணேன்!"

அதற்கு மேல் யாரைக் கேட்பது? நேராகப் போய் மண்டபத்து வால்வை மூடினாள். இருந்த கோபத்தையெல்லாம் காட்டி இறுக்கினாள். வால்வைத் திருகும் சக்கரத்தையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பம்பு உறுமியது, தங்கிய கூழ் தடதடவென்று ஆஸ்பத்திரிப் பக்கம் நகர்ந்தது. மறுபடியும் அண்ணிதான் கூப்பிட்டாள்: "ஜில்லுனு வருதும்மா. கண்ணைத் திறந்துட்டார், தண்ணி கேக்கறார்."

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் மேனேஜர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு மூடின? அங்க எல்லாரும் கோட்டைக் கழட்டிட்டாங்க!"

"கழட்டட்டுமே. குடியா முழுகிடும்?"

"உன் வேலை போயிடும், தெரியுமில்ல? சக்கரத்தைக் குடு!"

"தரமாட்டேன்."

அவர் வெறுங்கையால் வால்வுத் தண்டைப் பிடித்துத் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"என்ன இது, அசையவே மாட்டேங்குது?"

"அசையாது சார். கெட்டியா மூடியிருக்கேன்" என்றாள். "அந்த டீயையும் நானே வாங்கித் தர்றேன்."