ஓமும் ஹோமும்

வாங்க வந்தவன் முகத்தில் ஆசை தெரிந்தால் விலை ஏறும். விற்க வந்தவன் முகத்தில் பயம் தெரிந்தால் விலை இறங்கும். ஏறாவூர்த் துணிக்கடை வீடுகளில் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் முன்னமே இதைப் பழக்கிவிடுவார்கள். பஹ்மியும் அப்படிப் பழகியவன்தான். கடையை மூத்தவரான நானாவிடம் விட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்த முகம் மாறவில்லை. மெல்பேர்னில் இருக்கும் மேலாளர் மெரெடித் வீடியோவில் என்ன சொன்னாலும், பாதி விலைக்கு உடுக்கிற சாரம் கேட்கிற வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மெதுவாகத் தலையாட்டுவான். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்த முகத்தைப் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது.

வேலை என்னவென்றால், அந்த நாட்டில் முதியோர் இல்லங்கள் பதினொன்றின் மருந்துப் பட்டியல்களைக் காப்பது. எந்த அறையில் இருப்பவருக்கு எந்த நேரம் எந்தக் குளிசை என்று தாதியின் கையிலுள்ள பலகைக் கணினி காட்டும். அது காட்டுவதெல்லாம் ஒரு சேர்வரில் இருக்கிறது. அந்தச் சேர்வரை ஏறாவூரிலிருந்து பஹ்மியும், கல்லடியிலிருந்து உதயரூபனும் பார்த்துக்கொண்டார்கள்.

கடையில் நானாவுக்கு முழக்கோலும் கத்தரிக்கோலும் எப்படியோ, பஹ்மிக்குத் திரைக்குள்ளே அப்படிச் சில சாமான்கள். கட்டளை தட்டுகிற கறுப்புச் சாளரம் ஒன்று. அதன் எழுத்தின் நிறத்தைக்கூட வேறு எவரும் மாற்ற விடமாட்டான். பிரதி எடுத்ததையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கும் குட்டி மென்பொருள் ஒன்று. சேர்வருக்கு மூச்சு முட்டினால் கைப்பேசியில் கத்துகிற காவல்காரன் ஒன்று. கடைசியாக வந்து சேர்ந்தது, சொன்னதைச் செய்துகொடுக்கும் செயற்கை அறிவு உதவியாளன். குணம் தங்கம், வாய்தான் ஓயாது. இதைத் திறக்கட்டுமா, அதை மூடட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். புதுமாப்பிள்ளைகூட மாமியார் வீட்டில் இவ்வளவு கேட்கமாட்டான். போன கிழமை எரிச்சல் தாங்காமல், ‘இனிக் கேட்காமல் செய்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டான் பஹ்மி. மணிக்கட்டு வலிக்குத் தட்டச்சைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதிலிருந்து, காதில் மாட்டிய ஒலிவாங்கி வழியாகப் பேசியே அதனிடம் வேலை வாங்கினான்.

அன்று காலை காவல்காரன் கத்தியது. சேர்வரில் இடம் நிரம்பிவிட்டது. பஹ்மி பதறவில்லை, வீட்டில் சாக்கு நிறைந்தால் பழையதைக் கொட்டுவதுதானே. உதவியாளனிடம், தேவையில்லாததை அழித்து இடம் எடு என்றான்.

அது தேடிப் பார்த்தது. கோப்புகள் நிறைந்த இரண்டு பெரிய அடைவுகள் இருக்கின்றன, ‘டெம்ப்’ ஒன்று, ‘ஹோம்’ ஒன்று, எதைக் காலிசெய்யட்டும் என்று ஆங்கிலத்தில் இனிமையாகக் கேட்டது. டெம்ப் என்பது குப்பை. ஹோம் என்பது பதினொரு இல்லங்களின் மருந்துப் பட்டியல். பஹ்மி வாயைத் திறக்கவும் குசினியிலிருந்து மனைவி றஸீனா கூப்பிடவும் சரியாக இருந்தது.

“என்னங்க, திரளி மீனப் பொரிச்சிரவா?”

“ஓம்.”

ஹோம் அடைவு முழுவதையுமா, உறுதியா என்று கேட்டது காதுக்குள் இருந்த குரல். உலகத்திலேயே மரியாதையான பிராணி அது. பொத்தானை அழுத்திவிட்ட பிறகும் இதற்கு மட்டும் இரண்டாம் தரம் கேட்டது. ஆனால் பஹ்மியின் காது குசினியில் இருந்தது.

“எல்லாத்தையுமா? பின்னேரத்துக்கு ஒண்டும் வெக்கத் தேவல்லையா?”

“ஓம்கா, ஓம்! எல்லாத்தையும் பொரி!”

நன்றி, தொடங்குகிறேன் என்றது குரல்.

அவன் திரும்பிப் பார்த்தபோது கறுப்புச் சாளரத்தில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டெம்ப்பில் மனிதப் பெயர்கள் இருக்காது. இங்கே ஓடியவை முழுவதும் மனிதப் பெயர்கள், பக்கத்தில் அறை இலக்கங்கள். நிறுத்தும் விசைகளை இரண்டு கையாலும் அடித்தான். ஓட்டம் நின்றது. பதினொரு இல்லங்களில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன.

மெல்பேர்னில் மாலை மருந்துச் சுற்று தொடங்குவதும் ஏறாவூரில் நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடந்தது. அதற்குள் பட்டியல் திரும்பாவிட்டால், கையில் வெறும் பலகையோடு தாதிகள் அறைகளுக்கு முன்னால் நிற்பார்கள்.

உதயரூபனை அழைத்தான். மூன்று சொல்லில் விஷயம் முடிந்தது.

“மச்சான், இரிக்கிறியா?”

“இரிக்கன். விழுந்து கிடக்கன் எண்டும் சொல்லலாம்,” என்றான் உதயரூபன். “விடியக்கால எடுத்த பிரதி இரிக்குத்தானே? அதத் திரும்பப் போடு.”

“அது வேல செய்யுமா? நீ ஒரு நாளாச்சும் திறந்து பாத்தியா?”

“நான் நீ பாத்திரிப்பாய் எண்டு நெனச்சன்.”

“நானும் அப்பிடித்தான்டா நெனச்சன்.”

“நல்லம். பூட்ட வாங்கி வெச்சம், சாவி பொருந்துதா எண்டு ஆரும் பாக்கல்ல.”

பிரதியிலிருந்து மீட்கும் கட்டளையைப் பஹ்மி கையாலேயே தட்டினான். இனி எவரோடும் பேசி வேலை வாங்கும் தைரியம் அவனுக்கு இல்லை. மூன்று முறை எழுத்துப் பிழை வந்தது. நாலாவது முறை ஒரு கோடு தோன்றி, நோன்பு காலத்துப் பின்னேரம்போல நகராமல் நகர்ந்தது. அறையில் மின்விசிறி சுழன்றது, சட்டை முதுகோடு ஒட்டியது. கோடு பாதியில் நின்றபோது அவன் ஓதத் தொடங்கினான். பாதி ஓதுகையில் அடுத்து என்ன வரும் என்பது மறந்துபோயிற்று. குழந்தையிலிருந்து ஓதிய ஓதல்.

கோடு மறுபடி நகர்ந்தது. நிரம்பியது. பெயர்கள் திரும்பி வந்தன, அறை இலக்கங்களோடு, பதினொரு இல்லங்களும்.

“வந்திட்டுதா?” என்று கத்தினான் உதயரூபன். “அல்ஹம்துலில்லாஹ்! உன்ட ஆளுக்கும் நன்றி, என்ட மாமாங்கப் பிள்ளையாருக்கும் நன்றி. ஆர் செஞ்சாங்களோ, பங்கு பிரிச்சுக்கட்டும்.”

பஹ்மி சிரிக்கவில்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். விடியக்காலைப் பிரதி என்றால் விடியக்காலை வரைக்கும்தான். அதற்குப் பிறகு அங்கே ஒரு பகல் முழுவதும் டொக்டர்கள் சுற்றி வந்திருப்பார்கள். எவர் எதை மாற்றினாலும் பதிந்துவைக்கும் குறிப்பேட்டுக் கோப்பு வேறு இடத்தில் இருந்ததால் தப்பியிருந்தது, திறந்து பார்த்தான். அன்று மாத்திரம் ஏராளமான மாற்றங்கள். யாருக்கு எந்த மருந்து மாறியது என்று இருந்தது. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று இல்லை. கடற்கரை ஓரத்து இல்லம் ஒன்று, நாலாம் அறை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து: மாற்றப்பட்டது. கூட்டினார்களா, குறைத்தார்களா, அடியோடு நிறுத்தினார்களா? பட்டியல் வாய் திறக்கவில்லை. நேற்றைய அளவை இன்றைய அளவு மாதிரி, சுத்தமாக, அழகாக, நம்பும்படியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

வெறும் பலகை என்றால் தாதி சந்தேகப்பட்டு எவரையாவது கேட்பாள். இது வெறும் பலகையைவிட மோசம். கள்ள நோட்டு, அதுவும் நல்ல நோட்டு மாதிரியே அச்சடித்தது.

“மச்சான்,” என்றான் பஹ்மி, “காலையில டொக்டர் மாத்தினது ஒண்டும் இதுல இல்ல.”

உதயரூபன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் வீட்டில் அவனைத் தவிர வேறு எவரும் இல்லை, இருந்தும் தாழ்த்தினான்.

“கேளு. எல்லாம் திரும்பி வந்திட்டுது. ஆருக்கும் ஒண்டும் தெரியாது. நாளைக்கி டொக்டர் வந்தா அவரே பாத்து மாத்துவாரு. வாய மூடிற்று இரி.”

“இண்டைக்கி பின்னேரம்?”

“ஒரு நேரம் பழைய குளிசையக் குடிச்சா ஆரும் செத்துப் போக மாட்டாங்க.”

“நீ டொக்டரா?”

“நீ டொக்டரா? நமக்கு இந்த வேல போனா அடுத்த வேல எங்கடா இரிக்கு? போன மாசம் தானே நம்மட கொம்பனில ஒரு பிள்ளைய சின்னப் பிழைக்கி வெளிய அனுப்பினாங்க. நீ கடைக்கிப் போவாய், உன்ட நானா சாரம் மடிக்கத் தருவாரு. நான் எங்க போற?”

பஹ்மி கைப்பேசியை மேசையில் வைத்தான். உதயரூபன் சொன்னதில் பிழையில்லை; கடைக்காரப் புத்தியும் அதைத்தான் சொல்லும். சேலையில் கிழிசல் இருந்தால் கிழிசலை உள்ளே வைத்து மடி. வாங்கினவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஆனால் நாலாம் அறையில் இருப்பவர் வீட்டுக்குப் போய் எதைப் பார்ப்பார்? பஹ்மி அவரைக் கண்டதில்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. கை நடுங்க ஒரு கோப்பையைத் தூக்கி, தாதி சொன்னபடி விழுங்கப் போகிற ஒரு வாய் மட்டும் அவன் கண்ணுக்கு முன்னால் நின்றது.

கதவைத் திறந்து உள்ளே வந்த றஸீனா அப்படியே நின்றாள்.

“இதென்ன முகம், செவுரு மாதிரி வெளுத்திரிக்கி? ஆரும் மௌத்தா?”

“இன்னும் இல்ல,” என்றான் பஹ்மி.

சாவைப் பற்றி அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான். வேறு ஒரு யோசனைக்கும் இடம் வைக்காமல் மெரெடித்தின் இலக்கத்தை அழுத்தினான்.

சுற்றிவளைக்கவில்லை. நான் பட்டியல்களை அழித்துவிட்டேன், பழைய பிரதியைப் போட்டிருக்கிறேன், இன்று செய்த மாற்றம் ஒன்றும் அதில் இல்லை, தாதிகள் அதை நம்பக்கூடாது என்றான். ஆங்கிலம் தடுக்கி விழுந்தது, விழுந்தபடியே சொன்னான். மெரெடித் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். மிக மெதுவாக, எந்தெந்த இல்லங்கள் என்று மட்டும் கேட்டாள். மாற்றம் நடந்த இல்லங்களைக் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தான். அவள் வேறு தொலைபேசியில் ஒவ்வொன்றாக அழைப்பது கேட்டது. நிறுத்துங்கள், நிறுத்துங்கள், பலகையைப் பார்க்காதீர்கள், டொக்டர் எழுதிய காகிதத்தைப் பாருங்கள்.

வெளியே பாங்கு எழும்பியது.

கடற்கரை ஓரத்து இல்லம் மட்டும் எடுக்கவில்லை. நீ முயற்சி செய், நான் மற்றதைப் பார்க்கிறேன் என்றாள் மெரெடித். பஹ்மி அந்த இலக்கத்தை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே போனது. இரண்டாவது முறை. மூன்றாவது முறை ஒரு பெண் மூச்சுவாங்க எடுத்தாள்.

நாலாம் அறைக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டான்.

நீங்கள் யார் என்றாள் அவள்.

“தயவுசெய்து முதலில் போய்ப் பாருங்கள்,” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான். விலை கேட்டு ஒருபோதும் கெஞ்சாத குடும்பத்துப் பிள்ளை.

தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டு அவள் நடந்தாள். தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. எங்கோ ஒரு தொலைக்காட்சியில் ஆட்கள் சிரித்தார்கள். கதவு திறந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பாங்கு முடிந்து தெருவே அடங்கிவிட்டது. பின்னால் றஸீனா நிற்பது அவனுக்குத் தெரியும். அவளும் மூச்சு விடவில்லை. விஷயம் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது, ஆனாலும் விடவில்லை.

சக்கரம் திரும்பி வந்தது.

“கொடுக்கவில்லை,” என்றாள் தாதி. “தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்ப மனமில்லாமல் அடுத்த அறைக்குப் போயிருந்தேன். கோப்பையில் குளிசை அப்படியே இருக்கிறது.” காகிதம் புரளும் சத்தம். “டொக்டர் இன்று காலையில் இதை நிறுத்தியிருக்கிறாரே! விழுந்து தலையில் அடிபட்டதால் நிறுத்தியது. இப்போது சொல்லுங்கள், நீங்கள் யார்?”

பஹ்மி முழுப் பெயரையும் சொன்னான். அவள் எழுதிக்கொள்வதற்காக எழுத்து எழுத்தாகவும் சொன்னான்.

அழைப்பை வைத்துவிட்டு மெரெடித்துக்குச் செய்தி அனுப்பினான். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கறுப்புச் சாளரம் தானாகத் துண்டிக்கப்பட்டது. மறுபடி நுழையப் பார்த்தான்; அனுமதி இல்லை என்றது. மின்னஞ்சலும் அதையே சொன்னது. பெருமூச்சு விடலாமா, இன்னும் அடக்கிவைக்கத்தான் வேண்டுமா என்று தெரியாமல் இருந்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. உதயரூபன்.

“டேய், எனக்கும் பூட்டிற்றாங்கள். நீ என்ட பேரச் சொன்னியா?”

“இல்ல மச்சான். உன்னப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல.”

“வாய மூடச் சொன்னன் எண்டு?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப ஏன்டா எனக்குப் பூட்டுறாங்கள்?”

“தெரியா. சாவி இரிக்கிற எல்லாருக்கும் பூட்டுவாங்களாக்கும்.”

மறுபக்கம் உதயரூபன் வீட்டு நாய் குரைப்பது கேட்டது.

“அந்த ஆள் உசிரோடயா?” என்றான் கடைசியில்.

“ஓம். நித்திர கொள்றாராம்.”

“அவருக்கென்ன, நித்திர கொள்ளுவாரு,” என்றான் உதயரூபன். “நாளைக்கி வீடியோவில விசாரிக்கக் கூப்பிடுவாங்கள். எத்தின மணிக்கெண்டு வந்தா எனக்கும் சொல்லு. தனியப் போவாத.”