சி.பி.யூ. மேல் ஈர சாக்ஸ்

பீப், பீப், பீப் என்று விடாமல் கத்தியது கம்ப்யூட்டர் பெட்டி. சமையலறையில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்த தாரிணி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அலறல் நின்றது, திரையும் அணைந்தது. பெட்டியின் மேல், சூடு வெளியேறும் கம்பி வலையை முழுதாக மூடிக்கொண்டு, மகள் ஸ்ரீமதியின் பள்ளிக்கூட சாக்ஸ் இரண்டு ஜோடி ஈரத்தோடு கிடந்தன. ஆவி பறந்தது.

ஜூலை மழையில் ஊட்டியில் துணி காய்வதில்லை. லவ்டேல் போகும் சாலையில், மண்மேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த வாடகை வீட்டில் வெயிலும் விழுவதில்லை. அதனால் சூடான எதன் மேலும் ஏதாவது காயும். ரைஸ் குக்கர் மூடியில் கைக்குட்டை, செட்டாப் பாக்ஸ் மேல் குல்லா. ஆனால் கம்ப்யூட்டர் மேல் எதையும் போடக் கூடாது என்று அவள் ஐந்து வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அட்டையில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறாள். அந்த அட்டையை மறைத்துத்தான் ஒரு சாக்ஸ் தொங்கியது.

"ஏனுங்க! யாருங்க இதைப் போட்டது?"

கணவன் கதிர் உள் அறையிலிருந்து வந்தான். மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருப்பவன். அங்கே நாளெல்லாம் லாரிக்காரர்களிடம் கத்துகிறவன், வீட்டுக்குள் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அதைப் பெரிய வரமாக அவள் நினைத்த காலம் உண்டு.

"நாந்தான் புள்ள. சும்மா சூடாத்தானே கெடக்குது. பாப்பாவுக்குக் காஞ்ச மாதிரியும் ஆச்சேன்னு போட்டேன்."

"காத்தால இருந்து கம்பைல் ஓடிட்டு இருந்துச்சுங்க, நிரலையெல்லாம் மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற வேலை. முடியப் போற நேரம். இனி மொதல்ல இருந்து ஓட்டோணும்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். நம்ம சுஜித்தோட கம்ப்யூட்டர் கடையில குடுத்தா ஒரு டீ குடிக்கறதுக்குள்ள விண்டோஸைப் போட்டுக் குடுத்துருவான். ஊர் உலகமே அதை வெச்சுத்தான் வேலை பாக்குது. நீ மட்டும் எதுக்கு ஒவ்வொரு செங்கலா சுட்டு ஊடு கட்டற?"

பிரிஸில்லாவும் போனில் இதையேதான் கேட்டாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி அவள். "விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் வேணும்னா ரெடிமேடா எத்தனையோ கெடக்குதேடி. ஊறுகா தொட்டுக்க மாந்தோப்பு வெக்கறவ நீ ஒருத்திதான்." தாரிணிக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெடிமேட்லயும் உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதேடி" என்றாள்.

தெரியாமல் இருந்ததால் வந்த வினைதான் எல்லாம். மே மாதம் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. அந்த மின்னஞ்சலை அவளுக்கு முன்னால் யாரோ திறந்து படித்து, அழித்தும் விட்டிருந்தார்கள். "ஏன் வரலை?" என்று கம்பெனியிலிருந்து போன் வந்து, மெயிலின் குப்பைப் பெட்டியில் தேடிப் பார்த்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போக எடுத்த முதல் முயற்சி அது. அன்றைக்கு ஆறுதல் சொன்னவன் கதிர்தான். "எல்லாக் கம்பெனிக்காரனும் கம்ப்யூட்டருக்குள்ள எதையாவது வெச்சுத்தான் புள்ள விக்கறான். நாம டைப் அடிக்கறதெல்லாம் எவனுக்கோ போயிருது. எந்தப் பொறுக்கியோ விளையாடிட்டான், விடு."

அவள் நம்பினாள். நம்பியதால் கோபம் இன்னும் ஏறியது. முகம் தெரியாத ஒருவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கடிதத்தைப் பிரித்திருக்கிறான். அடுத்த நாள் மத்தியானம் பிரிஸில்லாவுக்கு, 'வெயில் விழற ஒரு ரூம் போதும், வந்துடறேன்' என்று டைப் அடித்தாள். அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஜூன் மாதம் ஹார்ட் டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்துவிட்டு, வெறும் மூல நிரல்களிலிருந்து தனக்கென்று ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்ட ஆரம்பித்தாள்.

லட்சக்கணக்கான வரிகளை அவளும் படிக்கவில்லைதான். பிரிஸில்லா சொன்னது போல இது வீண் வேலையாகவும் இருக்கலாம். பல நாள் ஒரே ஒரு பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டியே பொழுது போயிற்று. ஆனால் எதை வைக்கலாம், எதை வேண்டாம் என்று ஒவ்வொரு படியிலும் அது அவளைக் கேட்டது. இந்த வீட்டில் அவளைக் கேட்டு நடந்த வேறொன்றை அவளால் சட்டென்று சொல்ல முடியவில்லை. முதல் முறை அது தானாக எழுந்து நின்றபோது, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது. விளம்பரம் இல்லை, வணக்கம் இல்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தது.

திங்கட்கிழமை இன்னொரு நேர்காணல். இதே கம்ப்யூட்டரில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிரல் எழுதிக் காட்ட வேண்டும். இந்த முறை அவளே கதிரிடம் சொல்லியிருந்தாள். "நல்லதுதான் புள்ள" என்றான்.

"திங்கக்கெழமைன்னு தெரியும்லங்க? தெரிஞ்சுமா இதைப் போட்டீங்க?"

"அதனாலதான் சொல்றேன். நானே சுஜித் கடைக்குக் கொண்டுட்டுப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள பழைய மாதிரியே ஆயிரும்." குனிந்து வயர்களை உருவ ஆரம்பித்தான்.

"தொடாதீங்க."

"நான் வாங்கிக் குடுத்ததுதானே தாரிணி?"

"கையை எடு."

அந்தக் குரலை அவனும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. பிடுங்கிய வயர் அவன் கையிலேயே இருந்தது. அவள் பெட்டியின் மேல் கிடந்த சாக்ஸை வாரித் தரையில் வீசினாள். சொத்தென்று விழுந்து அவன் காலில் ஒட்டியது.

கதிர் நிமிர்ந்தான். மண்டியில் கத்தும்போது ஏறும் சிவப்பு அவன் முகத்தில் ஏறியது. வீட்டுக்குள் முதல்முறையாகக் கத்தினான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வெயில் விழற ஒரு ரூம் போதும்னு அவளுக்கு டைப் அடிச்சு அழிச்சியே, அதுக்குத்தானே இத்தனையும்?"