பத்தடி வெள்ளைத் துணி

ஜைதூன் பீயின் வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூட மாட்டுவண்டிக்கும் நடுவே பத்தடிதான் தூரம். சந்து குறுகல், வண்டி அதற்கு மேல் நெருங்காது. மகள் ஜஹீதா அந்தப் பத்தடியை யார் கண்ணிலும் படாமல் கடக்க வேண்டும். முட்டுச்சந்து என்பதால் ஒரு பக்கம் மறைத்தால் போதும். ஒரு வெள்ளைத் துணியின் முனையை ஜைதூன் பீ கதவிடுக்கிலிருந்து பிடிப்பாள். மறுமுனைக்கு, தெருவில் நிற்கக்கூடிய ஒருத்தி வேண்டுமே! மீன்காரி முத்தம்மாவின் மகள் ரத்னா பிடித்தாள்.

ரத்னாவுக்கு இந்தக் கோஷாத் திரையெல்லாம் கிடையாது. சாந்தோம் மணலிலிருந்து ஆழ்வார்பேட்டை வரைக்கும் எங்கு வேண்டுமானாலும் போவாள், பள்ளிக்கூடம் ஒன்றைத் தவிர. அவளைப் படிக்க அனுப்ப யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கோ வேறெதுவும் தோன்றியதில்லை.

காலை வெயிலில் ஜஹீதாவின் நிழல் சிலேட்டோடு துணியில் மிதந்து போகும். கடல்காற்றில் துணி உப்பும்போது ரத்னாவுக்குக் கிறக்கமாக இருக்கும். அது தன் நிழல்தான் என்று நினைத்துக்கொள்வாள். வண்டி போன பிறகும் துணியை மடிக்காமல் நிற்பாள், பைத்தியம்.

ஒருநாள் துணி விரிந்தது. நிழல் வரவில்லை.

"நிக்காஹ் பேசி முடிச்சாச்சு. இனிமே ஜஹீதா வராது" என்றாள் ஜைதூன் பீ, கதவுக்குப் பின்னாலிருந்து.

வண்டிக்குள்ளிருந்து ஆயா அங்காளம்மாள் எட்டிப் பார்த்தாள். "பன்னெண்டு வயசுலயேவா? சர்தான். வண்டிய ஓட்டுப்பா."

ரத்னாவுக்கு இனி அந்த நிழலும் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டாள்: "ஆயா, அந்த எடம் காலியாத்தானே கீது? நான் வரட்டா?"

"இன்னாடி பேசற? இது கோஷாப் பொண்ணுங்க வண்டி. தெருவுல சுத்திக்கினு கீற உன்னைய ஏத்துனா எம் பொழப்பு போயிடும்."

கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த விசும்பல் நின்றது. "அம்மி, அவள உள்ளாற வரச் சொல்லுங்க" என்றது ஜஹீதாவின் குரல். "என் எடத்துல அவ போகட்டும். ஸ்கூல்ல கேட்டா, கோஷாவுலதான் வந்தான்னு ஆயா சொல்லட்டும்."

ஜைதூன் பீ பிடித்திருந்த துணியின் முனை கதவிடுக்கில் மெல்ல உயர்ந்தது. அங்காளம்மாள் முணுமுணுத்தபடி இறங்கி மறுமுனையை வாங்கிக்கொண்டாள். "எம் பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே பொறந்துகீதுங்க ரெண்டும்."

ரத்னா உள்ளே போனாள். ஜஹீதா சிலேட்டை அவள் கையில் திணித்தாள். அழுது சிவந்த கண்கள். "சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லிக்குடு. ஒண்ணு விடாம."

கடற்கரை முழுக்கத் திறந்தவெளியில் திரிந்தவள், படிக்கப் போவதற்காக முதன்முறையாகத் திரைக்குள் நடந்தாள். கால்கள் தரையில் பாவவில்லை. துணியில் ஒரு நிழல் சிலேட்டோடு மிதந்தது.

வழக்கம்போல ஜஹீதாதான் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நினைத்துக்கொண்டது சந்து.